அறைக்குள் ஓர் அரை ஏக்கர்

கிளிநொச்சியில் ஒருவன் வீட்டுக்குள் செடி வளர்க்கிறான் என்றால் அதற்கு இரண்டே காரணங்கள்தான் இருக்கமுடியும் என்பது எங்கள் ஒழுங்கையின் தீர்ப்பு. ஒன்றில் அவன் கஞ்சா வளர்க்கிறான், இல்லாவிட்டால் அவனுக்கு மண்டை பிழைத்துவிட்டது. என் விஷயத்தில் ஒழுங்கை இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறது. கஞ்சாக் கட்சிக்காரர் என்மேல் ஓரளவு மரியாதை உள்ளவர்கள். மற்றக் கட்சிக்குத் தலைவி என் மனிசி.

நான் வளர்ப்பது பச்சை மிளகாய். இதை யாரும் நம்புவதில்லை. நம்பாததிலும் நியாயம் இருக்கிறது. என் வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் காணி, வற்றாத கிணறு, வருடத்தில் முக்கால்வாசி நாள் வேண்டாம் வேண்டாம் என்றாலும் விழுகிற வெய்யில், எல்லாம் உறுதியோடு இருக்கின்றன. இந்த ஊரே பயிர் செய்வதற்கென்று உண்டாக்கிய ஊர். யாழ்ப்பாணத்தின் சனநெருக்கத்தையும் வேலையில்லாக் கஷ்டத்தையும் தணிக்கவென்று 1936 இல் தொடங்கிய குடியேற்றத் திட்டத்தில் எழும்பியது. அப்பப்பா காலத்து ஆட்கள் காடு வெட்டி, கட்டை பிடுங்கி, காய்ச்சலோடு மல்லுக்கட்டி இந்த மண்ணை வெளியே எடுத்தார்கள். மூன்றாம் தலைமுறையில் நான் அந்த மண்ணுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, குருநாகலிலிருந்து பொலித்தீன் சுற்றி வந்த தும்புச்சோற்றில் மிளகாய் நடுகிறேன். அதுவும் நெல்லு மூட்டை அடுக்கும் அறைக்குள். காலபோகத்து நெல் இப்போது ஹோலில், வருகிறவர்கள் இருக்கும் கதிரைகளுக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறது.

காரணம் இல்லாமல் இல்லை. வளவில் என் உரிமை உறுதிப் பத்திரத்தோடு சரி. ஆட்சி வேறு ஆட்களுடையது. விடியக் குரங்கு, மத்தியானம் கட்டாக்காலி மாடு, பின்னேரம் மயில், இரவில் பன்றி என்று முறை வைத்து நடத்துகிறார்கள். குரங்கு மிளகாயைத் தின்னாது. பிடுங்கும், ஒரு கடி கடிக்கும், துப்பும், பிறகு அடுத்த காயும் அப்படித்தானா என்று பார்க்க அதையும் பிடுங்கும். மயில் அப்படி நேரம் வீணாக்குவதில்லை. மிளகாயை உறைக்கவைக்கும் கப்சைசின், எங்களைப்போலப் பால்குடித்து வளர்ந்த பிராணிகளின் வாயைத்தான் எரிக்கும். பறவைக்கு அது தெரியவே தெரியாது. விதையைத் தூரத்துக்குக் கொண்டுபோகப் பறவை வேண்டும் என்பதால் மிளகாய்ச் செடி பறவைக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறது. இந்த ஒப்பந்தம் மிளகாய்க்கும் மயிலுக்கும் இடையில் நடந்தது. இடையில் தண்ணீர் ஊற்றுகிற ஒருவன் இருக்கிறான் என்பதை இரண்டு தரப்பும் கணக்கில் எடுக்கவில்லை.

கல்லெடுத்தால் மனிசி விடமாட்டாள். "முருகன்ர வாகனத்துக்கு எறிஞ்சு பாவத்தைத் தேடாதேங்கோ." வாகனத்துக்கு எரிபொருள் நிரப்பும் வேலையை முருகன் என்னிடம் தந்திருப்பது அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

அரசாங்கமும் உதவிக்கு வரத்தான் செய்தது. 2025 மார்ச் 15, சனிக்கிழமை காலை எட்டு மணி தொடக்கம் எட்டு ஐந்து வரை, நாடு முழுக்க எல்லோரும் தங்கள் தங்கள் வளவில் நிற்கும் குரங்கு, மந்தி, மர அணில், மயில் எல்லாவற்றையும் எண்ணச் சொன்னார்கள். ஐந்தே நிமிடம். நான் படிவத்தோடும் பேனையோடும் ஏழரைக்கே கிணற்றடியில் நின்றேன். ஏழு ஐம்பத்தைந்து வரை முருங்கையில் ஒரு பெருங்குடும்பம் இருந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தது. எட்டுக்கு ஒருவரும் இல்லை. எட்டு ஆறுக்கு முழுக்குடும்பமும் திரும்பி வந்தது. அரசாங்கப் பதிவேட்டின்படி என் வளவில் ஒரு மயிலைத் தவிர வேறு தொல்லை எதுவும் கிடையாது. அந்த ஒரு மயிலும் சும்மா நடந்து போனது.

வெளியே பயிர் செய்து பார்க்காமலும் நான் உள்ளே போகவில்லை. 2021 இல் இரசாயன உரத்தைத் தடை செய்து, அது முடிந்து, 2022 இல் நாட்டில் பெற்றோலும் இல்லை காசும் இல்லை என்று வந்தபோது, அரச ஊழியர்கள் வீட்டில் தோட்டம் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் லீவு தந்தார்கள். என்னைப்போன்ற கந்தோர் ஆட்களின் கையில்தான் நாட்டின் சாப்பாடு தங்கியிருக்கிறது என்பதை அறிந்து அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. வெள்ளி முழுக்க மண்வெட்டி பிடிப்பேன். திங்கட்கிழமை கந்தோரில் கதிரையில் நிமிர்ந்து இருக்க முடியாமல் நின்றபடியே கோவை பார்ப்பேன். அலுவலுக்கு வந்த சனம், ஐயா எழும்பி நின்று மரியாதை தருகிறார் என்று நெகிழ்ந்து போனது. விளைச்சலைப் பற்றி மயிலிடம்தான் கேட்கவேண்டும்.

இப்படி இருந்த காலத்தில்தான் கனடாவிலிருந்து மச்சான் திருவிழாவுக்கு வந்தான். பெட்டிக்குள் சொக்லேற், தைலப் போத்தல்கள் எல்லாம் எடுத்து முடிந்த பிறகு அடியிலிருந்து ஒரு தட்டையான விளக்கை எடுத்துத் தந்தான். நூறு வாற்று எல்ஈடி. போட்டால் ஊதா வெளிச்சம்.

"உது என்னத்துக்கடா?"

"உள்ளுக்க செடி வளர்க்கிறதுக்கு அத்தான். நான் தக்காளிக்கு வாங்கினது. இப்ப விட்டிட்டன்."

கனடாவில் 2018 ஒக்ரோபர் 17 இலிருந்து கஞ்சா சட்டப்படி செல்லும். அவன் இருக்கும் ஒன்ராறியோவில் ஒரு வீட்டில் நாலு செடி வரை வளர்க்கலாம். இது எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. தக்காளி என்று சொல்லும்போது அவன் கூரையைப் பார்த்தான். "தக்காளி வளர்க்கிற பெடியன் ஏன் எல்லாத்துக்கும் சிரிக்கிறான்?" என்று மனிசி பிறகு குசினிக்குள் கேட்டாள்.

விளக்கின் பூர்வீகம் எனக்குப் பெரிதில்லை. ஆனால் அதைப் பற்றி வாசிக்க வாசிக்க ஒரு விஷயம் விளங்கியது. அறைக்குள் பயிர் வளர்க்கும் கலையில் பாதியை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் ஒளித்து வளர்க்கவேண்டி இருந்தவர்கள்தான். அமெரிக்காவில் 1989 இல் இத்தகைய விளக்கும் சாமானும் விற்கும் கடைகளையே பொலிஸ் தேடிப்போய்ச் சோதனை போட்டது. சூரியனுக்குப் பதில் விளக்கு, மண்ணுக்குப் பதில் தும்புச்சோறு, காற்றுக்குப் பதில் மின்விசிறி, தேனீக்குப் பதில் தூரிகை என்று ஒவ்வொன்றாகக் கடவுளிடமிருந்து பறித்துக் கரண்ட் பில்லில் சேர்த்தார்கள். அவர்களுக்கு அது கட்டுபடியாகும். அவர்களுடைய செலவு முழுவதையும் நானும் ஒரு சதம் குறையாமல் செய்கிறேன். பறிக்கும்போது மிளகாயாக இருக்கிறது.

தும்புச்சோற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் என் குடும்ப வாழ்க்கையில் அது அவ்வளவு இடத்தைப் பிடித்தது. தேங்காய் மட்டையை அடித்துத் தும்பு எடுத்த பிறகு மிஞ்சும் பொடி அது. மட்டையில் தும்பைவிடப் பொடிதான் கூட. ஒரு காலத்தில் தும்பு ஆலைகளின் பின்னால் மலைமலையாகக் குவிந்து கிடந்தது, எடுக்க ஆளில்லை. இப்போது அதை அழுத்திக் கட்டியாக்கிக் கப்பலில் ஏற்றுகிறார்கள். குருநாகல், புத்தளம், கம்பஹா என்ற தென்னை முக்கோணத்துக்கு அது நல்ல வருமானம். எங்கள் பக்கமும் சும்மா இல்லை. பளையில் தென்னந்தோட்டத்துக்குக் குறைவே கிடையாது. 2025 செப்ரெம்பர் 2 ஆம் திகதி, உலகத் தென்னை தினத்தன்று, புதுக்குடியிருப்பில் வைத்து வடக்குத் தென்னை முக்கோணத் திட்டத்தையும் தொடக்கிவைத்தார்கள். என் வளவிலும் தென்னை நிற்கிறது. அதன் பொச்சுமட்டையை நான் பின்னேரங்களில் நுளம்புக்குப் புகை போட எரிக்கிறேன். எரித்துவிட்டு உள்ளே வந்து, காசு கொடுத்து வாங்கிய மட்டைப் பொடிக்குத் தண்ணீர் விடுகிறேன்.

கட்டி ஐந்து கிலோ. தண்ணீரில் போட்டால் எழுபது லீற்றர் அளவுக்குப் பொங்கும் என்று லேபலில் இருந்தது. சாமான் விற்கிறவர்கள் எழுதுவதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் நம்பவேண்டும் என்பது நான் சேவைச்சந்தையில் படித்த பாடம். பாதி என்றால் முப்பத்தைந்து. மனிசி பொங்கலுக்கும் திவசத்துக்கும் மட்டும் எடுக்கும் கிடாரம் அதற்குச் சரியாக இருந்தது. கட்டியை உள்ளே வைத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது கிடாரம் தெரியவில்லை. விறாந்தையில் ஒரு மண்ணிறக் குன்று நின்றது. அதன் உச்சியில் எங்கள் கோழி ஏறி நின்று உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. லேபலில் எழுதியிருந்தது முழு உண்மை. ஒரு வியாபாரி உண்மை சொல்லி எனக்கு வந்த முதல் நட்டம் அது.

பொங்கினால் வேலை முடிந்துவிடாது. மட்டையை ஊறவைக்கும் தண்ணீராலும், தென்னை நிற்கும் கடற்கரை மண்ணாலும், பொடிக்குள் உப்பு இருக்கும். நல்ல தண்ணீர் விட்டு விட்டுக் கழுவவேண்டும். கழுவினாலும் அதற்கு ஒரு குணம். செடிக்கென்று போடும் கல்சியத்தையும் மக்னீசியத்தையும் தான் பிடித்து வைத்துக்கொண்டு, தன்னிடம் உள்ள பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வெளியே விடும். அதனால் நடுவதற்கு முதலே கல்சியம் நைத்திரேற்றுக் கரைசலில் ஊறவைத்து அதன் ஆசையைத் தீர்த்துவிடவேண்டும். நான் இதை மனிசிக்கு விளக்கினேன். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"பிள்ளைத்தாச்சியா இருக்கேக்க எனக்குக் கல்சியக் குளிசை வாங்க மறந்த ஆள் நீங்கள்," என்றாள்.

இனிச் சாப்பாடு. மண்ணில் நட்டால் செடி ஏதோ தேடித் தின்னும். தும்புச்சோறு தண்ணீரையும் காற்றையும் நன்றாகப் பிடிக்குமே தவிர, தின்ன அதில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு நாளும் அல்பேர்ட் உரத்தைக் கரைத்து, அளந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டவேண்டும். கரைசலின் புளிப்பும் கணக்காக இருக்கவேண்டும், பிஎச் ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலின் அடியில் வெள்ளைப் படை கட்டுகிற தண்ணீர், புளிப்புக்கு எதிர்ப்பக்கம். அதை இறக்க எனக்குக் கையில் அகப்பட்டது தேசிக்காய். தேசிக்காய் விலை ஏறிப்போய் மனிசி சொதிக்கே அரைப்பாதி பிழிந்த காலம் அது. வாளிக்குள் நான் முழுதாக இரண்டைப் பிழிந்துகொண்டிருந்ததை வேலிக்கு மேலால் பார்த்த அயல்வீட்டு அண்ணை, கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சீனி போடேல்லையோ தம்பி?" என்று கேட்டார்.

அண்ணைதான் கஞ்சாக் கட்சியின் நிறுவனர். அதற்கு அவருக்கு ஆதாரம் கொடுத்தது விளக்கு. இலையின் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும்தான் விரும்பி எடுக்கும், பச்சை வெளிச்சத்தில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால்தான் இலை எங்களுக்குப் பச்சை. வீணாகப் பச்சைக்குக் கரண்ட் செலவழிக்காமல் சிவப்பும் நீலமும் மட்டும் கலந்து செய்த விளக்கு ஊதாவாக எரியும். விஞ்ஞானம் இவ்வளவுதான். ஆனால் இரவு ஒன்பது மணிக்கு, ஒழுங்கை முழுக்க இருட்டாக இருக்கும்போது, ஒரு வீட்டு யன்னல் மட்டும் ஊதாவாக எரிந்து, அதற்குள் ஒரு மனிதன் குனிந்து குனிந்து எதையோ தடவிக்கொண்டிருந்தால் விஞ்ஞானம் யாருக்கு நினைவு வரும்? நான் தடவியது பூவை. மிளகாய் தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக் காய்க்கும் சாதிதான், ஆனாலும் காற்றோ தேனீயோ ஆட்டிவிட்டால் நல்லது. அறைக்குள் இரண்டும் இல்லை. மகளின் வர்ணத் தூரிகை இருந்தது.

அண்ணை ஒருநாள் படலையடிக்கு வந்து, சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, நான் உம்மட்ட ஒண்டும் கேக்கேல்லை. நீரும் ஒண்டும் சொல்லாதேயும். ஆனா அந்த யன்னலுக்கு ஒரு சீலையைப் போடும்."

"அண்ணை, அது மிளகாய்."

"ஓமோம். மிளகாய்தான். அதுக்குத்தான் சொல்லுறன், சீலையைப் போடும்."

சீலை போட்டேன். நிலைமை இன்னும் மோசமானது. முன்பு யன்னல் மட்டும் ஊதா. இப்போது யன்னலின் நாலு விளிம்பும் ஊதா, நடுவில் ஒளிக்க ஏதோ இருக்கிறது என்ற அறிவித்தல்.

கரண்ட் பில்லும் அண்ணையின் பக்கம் சாய்ந்தது. நூறு வாற்று, நாளுக்குப் பதினாலு மணித்தியாலம், மாதத்துக்கு நாற்பத்திரண்டு யூனிற். அறுபதுக்குள் அடங்கி ஒடுங்கி இருந்த வீடு அதைத் தாண்டியதும், யூனிற்றின் விலை, மாதக் கட்டணம் எல்லாமே வேறு வகுப்புக்கு ஏறிவிட்டன. மீற்றர் பார்க்க வரும் தம்பி மீற்றரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், யன்னல் சீலையைப் பார்த்தான். வெளிநாட்டிலும் இப்படித்தான் பிடிக்கிறார்களாம். 2015 இல் நெதர்லாந்தின் ஹார்லெமில், எல்லா வீட்டுக் கூரையிலும் பனி கிடக்க ஒரு கூரையில் மட்டும் உருகியிருந்ததைப் பார்த்துப் பொலிஸ் உள்ளே போயிருக்கிறது. 2021 இல் இங்கிலாந்தின் மேற்கு மிட்லண்ட்ஸில் வெப்பத்தையும் வயர்களையும் பார்த்துக் கஞ்சாத் தோட்டம் என்று கதவை உடைத்துப் போனால், உள்ளே களவெடுத்த கரண்டில் பிட்கொயின் கணினிகள் ஓடிக்கொண்டிருந்தன. என் கதவை உடைத்தால் பத்துப் பதினைந்து மிளகாய்ச் செடி. உடைக்கிறவர்களுக்கு எவ்வளவு ஏமாற்றமாக இருக்கும் என்று நினைத்து இரண்டு மூன்று இரவு மனம் வருந்தியிருக்கிறேன்.

ஒருநாள் மோட்டார் சைக்கிளில் ஒரு பெடியன் வந்தான். இறங்கவில்லை. "அண்ணை, சாமான் இருக்கோ?"

வீட்டுக்குள் விளைந்ததை ஒருவன் தேடிவந்து கேட்டது அதுவே முதல்தடவை. ஓடிப்போய்ப் பறித்து ஒரு பைக்குள் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். பையை விரித்தான். மிளகாயைக் கிளறினான். அடியில் ஒன்றும் இல்லை. இன்னொருமுறை கிளறினான். "இது மிளகாயெல்லோ," என்றான். அவன் முகத்தில் இருந்த துயரத்தை ஒரு கமக்காரன் தன் விளைச்சலைப் பற்றி எவர் முகத்திலும் பார்க்கக்கூடாது.

நாட்டுச் சட்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1929 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. எங்கள் பேப்பர்களில் 'கேரள கஞ்சாவுடன் கைது' என்ற தலைப்பு இல்லாத கிழமை குறைவு. அதேநேரம், ஏற்றுமதிக்கு மட்டும் என்று சொல்லி, மீரிகமவில் முதலீட்டுச் சபையின் காணியில் கஞ்சா பயிரிட ஏழு வெளிநாட்டு முதலீட்டாளருக்கு அனுமதி என்று 2025 ஓகஸ்டில் செய்தி வந்தது. அறுபத்துநாலு ஏக்கராம். அண்ணை பேப்பரை மடித்துக்கொண்டு வந்து காட்டினார். "முதல் போட்டவனுக்கு முறையாத்தான் செய்யிறாங்கள். நீரும் ஒரு விண்ணப்பம் போட்டுப் பாரும்," என்றார். என் பக்கத்து நெல்லறை பத்தடிக்குப் பத்தடி.

இதற்குமேல் நடந்ததற்குக் காரணம் மனிசியின் மாமி. இந்தியாவில் அகதி முகாமில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். வரும்போது அங்கே பழகிய புளிச்சகீரையின் விதையையும் முடிந்துகொண்டு வந்திருந்தார். ஒரு செடி பட்டுப்போய்ப் பை ஒன்று வெறுமையாக இருந்ததால் அதில் நாலு விதையை ஊன்றினேன். மிளகாய்க்கு நான் பட்ட பாட்டைப் பார்த்துச் சிரிப்பதுபோல அது வளர்ந்தது. பகல் நீளமாக இருந்தால் இந்தக் கீரை பூப்பதை மறந்து இலையாகவே போடும். என் விளக்கு நாளுக்குப் பதினாலு மணித்தியாலம் பகல் காட்டியது. அடியில் சாதாரண இலை, மேலே போகப்போக ஐந்து விரல், ஏழு விரல், ஓரமெல்லாம் பல்லுப் பல்லாக. செடிகொடிகளுக்கு விஞ்ஞானப் பேர் வைத்த லின்னேயஸே இந்த இலையைப் பார்த்துவிட்டு, செம்பரத்தைக் குடும்பத்துக் கீரைக்குக் கஞ்சாவின் பேரைச் சேர்த்து வைத்திருக்கிறார் என்றால், யன்னல் சீலை காற்றில் விலகிய நேரம் பார்த்த அண்ணை என்ன செய்வார்?

அன்று அவர் படலையைத் தட்டவில்லை. நேரே உள்ளே வந்தார். முகம் பேயறைந்து கிடந்தது.

"தம்பி, நான் இவ்வளவு நாளும் பகிடிக்கெல்லோ சொன்னனான்!"

கட்சியின் நிறுவனருக்கே தன் கொள்கையில் நம்பிக்கை இருக்கவில்லை என்று அன்றுதான் தெரிந்தது. நான் ஓர் இலையைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தேன். வாங்கமாட்டேன் என்று இரண்டு கையையும் பின்னால் கட்டினார். நான் என் வாயில் போட்டு மென்றேன். என் கண்ணையே கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு கால்வாசி இலையைக் கிள்ளி நுனிநாக்கில் வைத்தார். புளித்தது. கஞ்சா இலையில் விரல்கள் அடியில் தனித்தனியாகப் பிரிந்திருக்கும், இது ஒட்டியிருக்கிறது, தண்டிலும் சிறு முள் இருக்கிறது பாருங்கள் என்று காட்டினேன். "உமக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார். மறுபடி சந்தேகம்.

மத்தியானம் மனிசி அதைச் செத்தல் மிளகாயும் உள்ளியும் போட்டுக் கடைந்தாள். செத்தல், சந்தையில் வாங்கியது. அண்ணை இரண்டாம்தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டார். போகும்போது விதை கேட்டார். "இந்த நல்ல கீரையை ஏன் தம்பி களவெடுத்த சாமான்மாதிரி அறைக்க பூட்டி வைச்சிருக்கிறீர்? நான் மண்ணில நட்டுக் காட்டுறன் பாரும்."

நட்டுக் காட்டினார். பின்வளவில் பன்றி கிண்டும் என்று ஒழுங்கைப் பக்க வேலியோரம் முழுக்க நட்டார். மண்ணும் மழையும் சேர்ந்து ஆளுயரத்துக்கு எழும்பியது. குரங்கு புளிப்பைத் தொடவில்லை, மயில் திரும்பிப் பார்க்கவில்லை. வேறு ஆட்கள் பார்த்தார்கள். ஒழுங்கையால் போகிற மோட்டார் சைக்கிள் எல்லாம் அவர் வேலியடியில் மெதுவாகின. ஒருவன் படம் எடுத்தான். என்னிடம் முன்பு வந்த அதே பெடியன், இந்தமுறை இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு அண்ணையின் விறாந்தையில் போய் இருந்தான். அண்ணையின் மனிசி தேத்தண்ணி கொடுத்திருக்கிறா, யாரோ கலியாணம் பேச வந்த பகுதி என்று நினைத்து.

நேற்று இரவு அண்ணை எங்கள் பின்படலையால் வந்தார். கையில் வேரோடு பிடுங்கிய நாலைந்து கீரைச்செடி, ஈரச்சாக்கில் சுற்றி.

"தம்பி, உம்மட அந்த ஊதா லைற்றை எனக்கு ஒரு மாதத்துக்குத் தாருமன். உள்ளுக்க வைச்சு வளப்பம்."

நான் வாயைத் திறக்கமுதல் குசினிக்குள்ளிருந்து மனிசி சொன்னாள்: "கொண்டு போங்கோ அண்ணை. போன மாத லைற் பில்லும் மேசையில கிடக்குது, அதையும் எடுத்துக்கொண்டு போங்கோ."